இன்னொரு ஊரின் கழகம் நமக்கெதற்கு

இன்று காலை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த உன் கழுத்துத்துண்டு முகத்தில் உரசியது. மஞ்சளும் கறுப்புமாக, கொரியாவிலிருந்து நீ வரவழைத்த துண்டு. உன் மகள் அதைத் தந்த நாளிலிருந்து நான் தோய்க்கவில்லை. நீ நெஞ்சில் பூசுகிற தைலத்தின் மணம் இன்னும் இருக்கிறது. விமானக் கழிவறை கழுவுகிற மருந்தின் நெடியும் இருக்கிறது. கோபிக்காதே, எனக்கு அந்த இரண்டும் சேர்ந்ததுதான் நீ.

மணி ஆறு. தொலைக்காட்சியைப் போட்டேன். கொரியாவில் அப்போது பின்னேரம், உன் கழகம் ஆடிக்கொண்டிருந்தது.

நாம் இருவரும் டோர்வல் விமான நிலையத்தில் இரவு முழுக்க விமானம் துப்புரவாக்கிவிட்டு, உன் நிலக்கீழ் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் அது. நம் பகுதி, செயின்ட்-மிஷேல் முழுவதும் வேலைக்குக் கிளம்பும்போது நமக்கு மட்டும் நாள் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் உதைபந்தாட்டம் பார்க்க வேண்டுமென்றால் கொரியாவை விட்டால் கதியில்லை. நான் பார்த்தது உன்னோடு இருப்பதற்காக. நீ பார்த்தது ஊரில் உனக்கு மறுக்கப்பட்டதற்காக. "பெட்டையளுக்கு வலைப்பந்து, பெடியளுக்கு உதைபந்து எண்டு ஆரடி பிரிச்சது?" என்று கேட்பாய். நானா பிரித்தேன்?

உன் வீட்டு மூலையில் டெப்பனேர் என்கிற சில்லறைக் கடை வைத்திருந்த கொரியர்தான் உனக்கு இந்தக் கழகத்தைக் காட்டியவர். அது அவருடைய ஊர்க் கழகம். பால் வாங்கப் போய் அரை மணித்தியாலம் கழித்து வருவாய். அவருடைய பிரெஞ்சும் உன்னுடைய பிரெஞ்சும் சேர்ந்தால் ஒரு முழுப் பிரெஞ்சு கூட வராது, ஆனாலும் கதை முழுதாக வந்து சேர்ந்தது.

தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை நகரம். ஒரு பெரிய கம்பனி அங்கே கழகத்தை நடத்தியது. வேலை முடித்த சனம் மேளத்தோடு அரங்குக்குப் போகும். கிண்ணங்களும் வென்றார்கள். பிறகு ஒரு குளிர்காலத்தில், ஆட்டங்கள் இல்லாத நேரம் பார்த்து, கம்பனி கழகத்தைத் தூக்கிக்கொண்டு புதுசாய்ப் பெரிய அரங்கு கட்டிய இன்னொரு நகரத்துக்குப் போய்விட்டது. வீரர்களும் கிண்ணங்களும் பெயரும் அதோடு போயின. வசந்தம் வந்து, வழமையான முதல் ஆட்ட நாளில், ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் கடைக்காரரும் கூட்டாளிகளும் பூட்டிய வாசலுக்கு மேளத்தோடு போய்ப் பாடிவிட்டு வந்தார்கள்.

"விசர் வேலை," என்றேன் நான்.

"விசர்தான். வீட்டிலை இருந்திருந்தா அண்டையோடை முடிஞ்சிருக்கும்," என்றாய்.

தங்களுக்கென்று ஒரு கழகம் கேட்டு அவர்கள் நகரசபைப் படியேறி வருடங்கள் ஓடின. நடுவில் ஒரு வாய்ப்பு வந்தது. வேறொரு நகரத்தில் முதற்பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கழகத்தை, அதன் முதலாளிகள் அப்படியே இங்கே கொண்டுவரத் தயாராக இருந்தார்கள். ஓம் என்றால் போதும், அடுத்த வசந்தத்தில் அரங்கு திறந்துவிடும். இவர்கள் கூடிக் கதைத்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஊர்ச் சனமும் எங்களைப்போலத்தானே அழும் என்றார்களாம். நான் கோப்பையை வைத்துவிட்டு உன்னோடு சண்டைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா?

"இவ்வளவு காலம் பாத்திருந்திட்டு ஆராவது வேண்டாம் எண்டுவினமோ? உன்ரை கடைக்காரர் நல்லாக் கதை விடுறார்."

"பறிகுடுத்தவைக்கு விளங்கும். நீ தேத்தண்ணியைக் குடி."

அவர்கள் தாங்களே ஒரு கழகம் தொடங்கினார்கள். கீழ்ப்பிரிவில் தோற்றுத் தோற்றுப் பழகி, மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். போன வருடம் முதற்பிரிவுக்கு ஏறினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு அந்த ஆட்டத்தைப் பார்த்தாய். தாதி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள், நீ "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு இன்னும் கூட்டினாய். மார்கழியில் போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

கடைக்காரரின் கதையை நீ சொன்ன நாளில், நம் கதையும் அப்படியே நடக்குமென்று யார் நினைத்தது? நம் ஊர்ச் சனம் இங்கே தொடங்கிய கழகம் ஞாயிறு தோறும் செயின்ட்-மிஷேல் பூங்காவில்தான் ஆடியது. சண்டை பிடித்துப் பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணி வாங்கினாய். பிறகு வசதி வந்தவர்கள் தூரத்துப் புறநகரான புவாண்ட்-கிளேர் பக்கம் வீடு வாங்க, கழகமும் அவர்களோடு போனது. இங்கே மிஞ்சின பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது கழகத் தலைவர், நாம் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுகிறவர், சமாதானமாகச் சொன்னார்: "கொஞ்சப் பேர்தானே தங்கச்சி. பஸ் பிடிச்சு வரட்டும்."

அடுத்த ஞாயிறு வழமையான நேரத்துக்கு, தோடம்பழத்தை வெட்டி உப்பும் மிளகும் தூவி எடுத்துக்கொண்டு நீ பூங்காவுக்குப் போனாய். பந்து இல்லை, அணி இல்லை. நான் "கொரியாக்காரி" என்று பழித்துக்கொண்டு பின்னால் வந்தேன். உன் மகளும் ஏழெட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஹெய்ட்டிப் பிள்ளைகள் பழத்துக்காக வந்து ஆட்டத்துக்காக நின்றார்கள். பழைய பெயரைக் கேட்டு யாரிடமும் போகாதே என்றாய். சேர்ந்த அணிக்குச் செயின்ட்-மிஷேல் என்றே பெயர் வைத்தாய்.

நீ போனபின் அந்த அணி என் தலையில் விழுந்தது. ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. பயிற்றுவித்த பொடியன் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டான். சட்டைகள் கிழிந்துவிட்டன. இந்தக் கோடையோடு அணி கலைந்துவிடும் என்று நான் உண்மையாகவே பயந்துகொண்டிருந்தபோது, போன மாதம் தலைவர் அண்ணை வீடு தேடி வந்தார். கையில் மிக்சர் பை வேறு.

"தங்கச்சி, அங்க எங்களுக்கு ஏலாமல் போச்சு. பெடியள் வளந்து யூனிவேசிற்றி போட்டாங்கள். கழகத்தைத் திருப்பி இங்கயே கொண்டு வாறம். பேர், கிண்ணம், புதுச் சட்டை, கோச், எல்லாம் உங்களுக்குத்தான்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வாயூறியது. ஓம் என்று சொல்ல வாய் திறந்தும் விட்டேன். ஆனால் வந்தது வேறு.

"அங்க பெட்டையள் ஒருத்தரும் விளையாடுறேல்லையோ, அண்ணை?"

"விளையாடுகினம். கொஞ்சப் பேர்தானே."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் கடைக்காரரின் ஊர் ஏன் வேண்டாமென்றது என்று எனக்கு விளங்கிவிட்டது. எத்தனை காலம் கழித்து, பார்.

"எங்களையும் அப்பிடித்தான் சொன்னனீங்கள்," என்றேன். "கழகத்தை அங்கயே வைச்சிருங்கோ. எங்கட அணியை நாங்கள் பாப்பம். ஒரு ஞாயிறு நாங்கள் பஸ் பிடிச்சு வாறம், உங்கட பிள்ளையளோடை விளையாட."

அவர் கோபிக்கவில்லை. பேந்து கதைப்பம் என்று எழும்பினார். இரண்டு நாளில் தொலைபேசி எடுத்து, "எந்த ஞாயிறு?" என்று கேட்டார்.

போன ஞாயிறு போனோம். மெட்ரோவும் பஸ்ஸுமாக, பிள்ளைகள் வழி முழுக்கப் பிரெஞ்சில் பாட்டு. அங்கே போனால் அவர்களிடம் ஆள் காணாது, ஒருத்தி குறைவு. தலைவர் அண்ணையின் முகம் செத்துப்போனது. நம்மிடம் மேலதிகமாக ஆட்கள் இருந்தார்கள். நான் யோசித்து முடிக்க முன்னம் உன் மகள் கோட்டைத் தாண்டிப் போய், அவர்களுடைய நீலச் சட்டையை வாங்கிப் போட்டாள்.

"எடியே, எங்க போறாய்?"

"அவையிட்டை ஆள் காணாது அன்ரி," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உன் அதே நடை. இரண்டாம் பாதியில் அவள் அடித்த பந்து எங்கள் வலைக்குள் போனது. எங்கள் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபோது நான் எழும்பி நின்று அவளுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். பிறகு எங்களுக்காகவும் கத்தினேன். தோற்றோம். தலைவர் அண்ணை ஓடி வந்து அடுத்த ஆட்டம் செயின்ட்-மிஷேலில் என்றார். அந்த நீலச் சட்டைப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

இன்றைக்குப் புதன். கத்தின தொண்டை இன்னும் திறக்கவில்லை. வேலையில் எல்லோரோடும் சைகையால்தான் கதைத்தேன். இவ்வளவு காலமும் சத்தம் போடுவது உன் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.