அம்மாவோட குழாயும் கடல்பாசி சூப்பும்

தோங்யுன்,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். மத்தியானம் அம்மாவுக்கு மூக்குக் குழாய்ல நீதான் சத்துப்பால் விடணும். வெதுவெதுன்னு சூடு பண்ணிக்கோ. ஆறிப்போனா கெட்டியாகி இறங்காது. பால் பையை உயரமா மாட்டு. அப்பவும் இறங்கலேன்னா அமுக்காத, எனக்கு போன் பண்ணு.

போன வருஷம் அவங்க பிறந்தநாளுக்கு, பிறந்தநாள்னா கடல்பாசி சூப் குடிச்சே ஆகணும்னு நீ அதை அரைச்சுக் குழாய்ல விட்டு, குழாய் அடைச்சு, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "அம்மாவைக் கொல்லப் பாக்குறியா?"ன்னு கத்தினேன். அதுலேர்ந்து நீ அம்மா ரூம் பக்கமே போறதில்ல.

இன்னிக்கு மறுபடியும் அம்மா பிறந்தநாள். சூப் அடுப்புல இருக்கு, உனக்குத்தான். தொட்டுக்க கிம்ச்சி ஊறுகாய் பிரிட்ஜ்ல. அம்மா கட்டில்கிட்ட உக்காந்து குடி. வாசனையாவது அவங்களுக்குப் போகட்டும்.

அக்கா

அம்மா நேத்தும் உன்னைக் கேட்டாங்க. தூங்குறான்னு சொன்னேன். தினம் அதையே சொல்ல முடியலடா.