தையல்நாயகியின் சிலந்திகள்

8 ஆகஸ்ட் 1976, ஞாயிறு

ஸ்டுடியோவுக்கு லீவு. வெயில் நன்றாக இருந்ததால் என் வீட்டுக்காரி தையலும் நானும் காலையிலிருந்தே படம் எடுத்தோம். போன மாதம் பெருமுக்கல் மலையடியில் பிடித்து வந்த பெரிய பெண் சிலந்தி. உள்ளங்கை அகலம். மேலே சாம்பல் நிறம், முன்காலைத் தூக்கினால் அடியில் மஞ்சள். மேசையில் கறுப்புத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தை முகம் பார்க்கும் கண்ணாடியால் அதன்மேல் திருப்பிவிட்டாள் தையலு. நான் யாஷிகா கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ரோலில் நாலு படம் தேறினால் பெரிசு.

இதோடு ஒன்பது ஜாடி. எல்லாம் ஊறுகாய் ஜாடி, மூடியில் ஆணி ஓட்டை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புளிய விறகைப் பிளக்கும்போது வெளியே வந்த ஒன்றை நான் செருப்பால் அடிக்கப் போனேன். அவள் சொம்பைக் கவிழ்த்து மூடிவிட்டாள். அதில் ஆரம்பித்தது. பாண்டிச்சேரி காலேஜ் புரொபசர் ஒருவர் அதற்கு ‘டரான்டுலா’ என்று பெயர் சொன்னார். அவருக்குத்தான் படங்களை அனுப்புகிறோம்.

கடைசிப் படத்துக்கு முன் கண்ணாடியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குதாம். தண்ணிக்குடம் தூக்கினாலே இப்படித்தானாம். எத்தனை நாளாக? சொல்லவேயில்லையே.

19 ஆகஸ்ட், வியாழன்

திண்டிவனம் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். வந்ததாம். அப்போதே இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மரக்காணம் வரும்வரை ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். ஜாடியில் வைத்த பஞ்சு காய்ந்திருக்கும், போனதும் நனைக்கணும் என்று.

5 செப்டம்பர்

மாமியார் குப்பம்மாள் அத்தை கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்திருந்தார்கள். மகள் இளைத்ததைப் பார்த்து அழுதார்கள். ஜாடி இருக்கிற அறைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். வீட்டில் விஷத்தை வளர்த்தால் உடம்புக்கு எப்படி ஆகும் என்று என்னிடம் கேட்டார்கள். இது காய்ச்சலால் வந்தது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

21 செப்டம்பர்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பெண்கள் வார்டு, என்னைச் சாயங்காலம்தான் விடுகிறார்கள்.

9 அக்டோபர்

ஸ்டுடியோவை மூடிவிட்டுத் தினமும் மத்தியானம் பஸ் ஏறுகிறேன். ஆபரேஷன் பண்ண மெட்ராஸ் போகணும், அதற்கு உடம்பு தேறணும் என்கிறார்கள். உடம்பு தேறவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

மூன்றாவது ஜாடியில் இருந்தது இன்று காலை செத்துக் கிடந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன்.

“அது ஆணுங்க. ஆணுக்கு ஆயுசு கம்மி. உங்க மேல தப்பு இல்ல.”

பெண் இருபது வருஷம்கூட இருக்கும் என்று புரொபசர் எழுதியிருந்தார், இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

30 அக்டோபர்

மழை. உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. உப்புப் பாத்தியெல்லாம் ஏரி மாதிரி கிடக்கிறது. பஸ் வரவில்லை. இன்றைக்குப் போக முடியவில்லை. எட்டு ஜாடிக்கும் தண்ணீர் வைத்தேன், பாச்சை பிடித்துப் போட்டேன். நாளைக்கு அவளிடம் சொல்லணும்.

11 நவம்பர், வியாழன்

விடிகாலையில் தையலு போய்விட்டாள்.

14 நவம்பர்

எழுதி வைக்கணும். இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுத்துது.

பிணத்தை வாசலில் கிடத்தியிருந்தபோது அத்தை என் சட்டையைப் பிடித்தார்கள். பூச்சிதான் என் பொண்ணைத் தின்னுடுச்சு என்றார்கள். ஊரே நின்று கேட்டது. எரித்துவிட்டு வந்த பிறகு மைத்துனன் அப்பாவு ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய் வைத்தான். கையில் மண்ணெண்ணெய் டின். அவன் கெட்டவன் இல்லை. அக்கா போன வேகம், அம்மா அழுத அழுகை.

நான் போய் ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கத்தவில்லை.

“இது நம்மளுது இல்லடா அப்பாவு. அவளுது. ஆஸ்பத்திரியில தெனம் இதுங்களைத்தான் கேட்டா.”

டின்னைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்தி அழுதான். அப்புறம் அவனேதான் எட்டு ஜாடியையும் உள்ளே கொண்டுவந்து வைத்தான்.

26 நவம்பர், கருமாதி

இன்றைக்கு வந்த அவமானத்தை யாரிடம் சொல்ல. மாலை போடப் படம் எங்கே மாமா என்று அப்பாவு கேட்டான். இல்லை. கல்யாணப் படம் எழுபத்திரண்டு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது ஊறிப் போச்சு. அதற்கப்புறம் எடுக்கவேயில்லை. என்னை எதுக்குங்க, பிலிம் தண்டம் என்பாள். நானும் சரி என்று விட்டுவிடுவேன். இந்த ஊரில் செத்தவர்கள் பாதிப் பேர் நான் பெரிசு பண்ணிக் கொடுத்த படத்தில்தான் சுவரில் இருக்கிறார்கள். என் வீட்டுச் சுவரில் ஆணி மட்டும்.

வெறும் விளக்குக்கு மாலை போட்டோம். அத்தை என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

12 டிசம்பர், ஞாயிறு

நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினேன். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கேயாவது ஓரத்தில் முகம் விழுந்திருக்காதா?

சிலந்தி. சிலந்தி. சட்டை உரிக்கிற சிலந்தி. முட்டைப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற சிலந்தி. ஒன்றில் அவள் புடவைத் தலைப்பு. ஒன்றில் தோள், அதுவும் அசைந்து மங்கல். மற்றதில் எல்லாம் கை. கண்ணாடி பிடித்த கை, துணியை இழுத்துவிடுகிற கை, சிலந்தி மேசையை விட்டு ஓடாமல் பக்கத்தில் அணை மாதிரி வைத்த கை.

கேமராவை ஒரு சாண் மேலே தூக்கியிருந்தால் போதுமே. ஒரே ஒரு தடவை. ஒரு சாண்டா பாவி.

கைகளை மட்டும் பிரிண்ட் போட்டு வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

20 டிசம்பர்

அப்பாவு வந்தான். பிரிண்டுகளைப் பார்த்தான். டீ குடிக்காமல் போய்விட்டான்.

17 ஜனவரி 1977

மீனவர் குப்பத்திலிருந்து அந்தோணிசாமி வந்து, கடலில் போன தகப்பனார் படத்தைப் பெரிசு பண்ணித் தரச் சொன்னார். பழைய குரூப் போட்டோவில் பட்டாணி அளவு முகம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பட்டாணி அளவாவது இருக்கிறதே இவருக்கு. வாங்கி வைத்துக்கொண்டேன். ஸ்டுடியோவை இன்றிலிருந்து திறந்திருக்கிறேன்.

13 பிப்ரவரி, ஞாயிறு

அளத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானம் படத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்து எட்டிப் பார்த்தேன். குப்பம்மாள் அத்தை. தனியாக வந்திருந்தார்கள்.

“கை இருக்குதுன்னு அப்பாவு சொன்னான்.”

பிரிண்டுகளைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். பூச்சியைப் பார்த்தால் தூக்கி எறிவார்களோ என்று பயந்துகொண்டே நின்றேன். எறியவில்லை. ஒவ்வொன்றாக, கண்ணுக்கு வெகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு படத்தில் விரல் வைத்தார்கள். பெரிய பெண் சிலந்தி, பக்கத்தில் அணை வைத்த இடது கை. சுண்டுவிரல் கோணல். சின்னப் பிள்ளையாக அளத்துக்குக் கூடவே வந்தபோது உப்பு வாரும் பலகை விழுந்து முறிந்ததாம். பதிமூன்று வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

இதையே பெரிசு பண்ணித் தரச் சொன்னார்கள். வீட்டில் மாட்டப் போகிறார்களாம்.

கை மட்டும் வருகிற மாதிரி போடுகிறேன், பூச்சி தெரியாது என்றேன்.

அத்தை படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்கள்.

“வேணாம் மாப்ள. அது இருக்கட்டும். அது இல்லன்னா அவ எதுக்குக் கையை இப்படி வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?”

முழுசாகவே பிரிண்ட் போட்டேன். காய்கிறவரை அத்தை அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். படத்தைச் செய்தித்தாளில் சுற்றி, மடங்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.