பச்சரிசி தின்ற மருமகள்

அத்தை,

இன்று காலை வெண்பொங்கலுக்குப் பச்சரிசி களைந்தேன். ஈர அரிசி வாசனை வந்தும் கை வாய்க்குப் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "இன்னாமே, திருந்திட்டியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

கொரட்டூர் வீட்டுக்கு வந்த புதிதில் நான் இப்படி இல்லை. உங்கள் பேத்தி பிறந்து சில வருஷம் கழித்துத்தான் அந்தப் பைத்தியம் பிடித்தது. அரிசி டப்பாவைத் திறந்தாலே நாக்கு ஊறும். "அரிசி தின்னா கல்யாணத்துல மழ பேயும். உனக்குத்தான் ஆயிடுச்சே, இனிமே யார் ஊட்டு கல்யாணத்துல பேயணும்?" என்று சிரிப்பீர்கள். மாதாமாதம் ரத்தம் நிற்காமல் போனதையும், படியேறினால் மூச்சு வாங்கியதையும் உடம்புச் சூடு என்று நினைத்து நான் வெந்தயம் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரயில் நிலையப் படியில் மயங்கி உட்கார்ந்தேன். உங்கள் சிரிப்பு அன்றோடு நின்றது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"பீரியட்ஸ் எப்படிம்மா?" என்றார் டாக்டரம்மா.

"நார்மல்தான்."

வெளியே உட்கார்ந்திருந்த ஆம்பிளைகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினீர்களே, அத்தை! "இன்னா நார்மலு? பத்து நாளாயும் நிக்கல. கட்டி கட்டியா போவுது. வாயத் தொறந்து சொல்லுமே!"

நான் கூசிப்போனேன். டாக்டரம்மா கூசவில்லை. ரத்தம் குறைந்தால் சிலருக்கு இப்படி அரிசி மேல் ஆசை வரும் என்றார். அதிகமாகப் போவதற்குக் கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு, ஹார்மோன் கோளாறு, ரத்தம் சரியாக உறையாமை என்று பல காரணம் இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும் என்றார். ஸ்கேனில் எனக்கு நார்க்கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய் இல்லை, எடுத்துவிடலாம் என்றதும் அழுதுவிட்டேன்.

கிளம்பும்போது பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: "வயசாகி பீரியட்ஸ் நின்னு போனப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்து காட்டணும்." அதற்குப் பிறகு நீங்கள் பேசவே இல்லை. நீங்களாவது, பேசாமல் இருப்பதாவது! எனக்குப் பயம் வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது மெல்லச் சொன்னீர்கள்: "எனக்கும் ரெண்டு தபா பட்டுச்சுமே. சூடுன்னு வுட்டுட்டேன்."

வந்த ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டு உங்களை உள்ளே இழுத்துப் போனேன். "ஒண்ணுமில்ல டாக்டரு" என்று ஆரம்பித்தீர்கள். உங்கள் பாஷை அன்றுதான் முதன்முதலாக என் வாயில் வந்தது. "இன்னா ஒண்ணுமில்ல? சொல்லுங்கத்தே!"

உங்களுக்கு இருந்தது புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம். கர்ப்பப்பையை எடுத்தார்கள், பிழைத்தீர்கள். என் கட்டியையும் எடுத்தார்கள். அதற்கப்புறம் எத்தனை வருஷம் பேத்திக்குத் தலை பின்னினீர்கள், என்னோடு சண்டை போட்டீர்கள்! போன மாசியில் வந்த மாரடைப்பை மட்டும் நம்மால் தடுக்க முடியவில்லை. என் உயிர் உங்கள் வாயால் பிழைத்தது, அத்தை. நீங்கள் நன்றாக இருப்பீர்கள், எங்கே இருந்தாலும்.

நேற்று உங்கள் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். முகம் வெளுத்திருந்தது. கேட்டால், "நார்மல்தாம்மா" என்றாள்.

"இன்னா நார்மலு? வாயத் தொறந்து சொல்லுமே!"

அவள் திடுக்கிட்டு எழுந்து, உங்களைத் தேடுவதுபோல் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.