அபேயன்ஸில் வைக்கப்பட்டவளுக்கு

இன்று காலை தேக்கா ஈரச்சந்தையில் பனிக்கட்டிமேல் கொடுவா மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. "வெட்டவாக்கா?" என்று மீன்காரர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் தலையாட்டினேன். உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இறந்த பிறகு இப்படி எதிலிருந்தாவது வந்துவிடுகிறது.

நம் ஊரில் கல்யாணப் பேச்சே அரசாங்க ஃபிளாட்டுக்கு விண்ணப்பம் போடுவதில்தான் தொடங்கும். "ஃபிளாட்டுக்குப் போடுவோமா?" என்று நீ காதலித்தவர் கேட்ட அன்று, டோபி காட் ரயில் நிலையத்திலிருந்தே என்னை அழைத்துச் சொன்னாய். செங்காங்கில் இருவர் பேரிலும் புது வீடு, சாவி கிடைத்ததும் திருமணப் பதிவு. திரைச்சீலைக்கு நிறம்கூடப் பார்த்துவிட்டாய்.

வீட்டைத் தேர்ந்தெடுக்க உங்கள் முறை வந்தபோது அவருடைய அம்மா இந்தச் சம்பந்தத்துக்கு முகம் சுளித்தார். உன்னவர் வழக்கறிஞர் அல்லவா? "கேன்சல் இல்ல லா, அபேயன்ஸ்ல வச்சுக்கலாம்" என்றாராம்.

"அப்படின்னா என்னடி?" என்று என்னைக் கேட்டாய்.

தற்காலிகமாக நிறுத்திவைப்பது என்றேன்.

"தற்காலிகம்தானே!" என்று சிரித்தாய்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொல்லின் வேரைத் தேடினேன். பழைய பிரெஞ்சில் வாயைப் பிளப்பதைக் குறிக்கும் வினை அது. அதிலிருந்து ஏக்கம், ஆசையோடு எதிர்பார்த்திருத்தல். சொத்துக்காக ஏங்கி நிற்பவரின் நிலையைச் சொன்ன சொல்லை, ஆங்கிலச் சட்டக்காரர்கள் உரியவர் இல்லாமல் கிடக்கும் சொத்தின் நிலைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஏங்கி நின்ற ஆளைச் சொல்லுக்குள்ளிருந்தே வெளியேற்றிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும், "நீ எதையும் நம்பமாட்ட. உனக்கு டிக்‌ஷனரிதான்டி புருஷன்" என்றாய்.

அவர் உன்னை விட்டுப் போகவும் இல்லை. தீபாவளிக்கு வாழ்த்து, பிறந்தநாளுக்குக் கேக். கல்யாணம் என்றால் மட்டும், அம்மா இறங்கி வரட்டும், இந்த வழக்கு முடியட்டும் என்பார். உட்லண்ட்ஸில் அண்ணன் வீட்டு அறையில் இருந்தபடி, வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தாய். பிறகு அவர் வேறொருத்தியோடு ஃபிளாட்டுக்குப் போட்டார். அவர்களுடைய கல்யாண அழைப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோதுதான் உனக்கே தெரியும். அப்போதும் நீ அவரை எதுவும் கேட்கவில்லை.

தகனச்சாலைக்கு மனைவியோடு வந்திருந்தார். "ரொம்பப் பொறுமையான பொண்ணு" என்றார் என்னிடம். உன் அண்ணன் பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் அலுவலகக் கூட்டத்தில் யாராவது ஒன்றை நிறுத்திவைக்கலாம் என்றால், "எதுவரைக்கும்?" என்று கேட்கிறேன். தேதி சொல்லும்வரை விடுவதில்லை. கறார் பேர்வழி என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களாம். பேசட்டும். அவரிடம் நீ கேட்காமலே போன கேள்வி அது. சம்பந்தமே இல்லாத மனிதர்களிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.