கட்டிலில் ஓர் ஓட்டை

திருப்பாலைக்குடி,
28-9-1961

அன்புள்ள அத்தானுக்கு,

சேதுலட்சுமி வணங்கி எழுதுவது.

அன்று சலாஹுதீன் அண்ணன் பட்டறையில், பாதி கட்டிய வண்டிக்குள், வெறும் பலகையில் என்னைப் படுக்கச் சொன்னீர்கள். "சேது, கைய நீட்டு. எங்கன எட்டுதுன்னு பாப்போம்" என்றீர்கள். நீட்டினேன். விரல் தொட்ட இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டீர்கள். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் இந்த வண்டியில் இருக்கமாட்டேன், டீச்சர் வேலைக்கு வருவதாகப் பெரிய டீச்சர் பஞ்சம்மாள் அம்மாளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அப்போது சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

நான் படித்த கதைகளில் எல்லாம் பெண்கள் இந்த மாதிரி இடத்தில் ஏதாவது பேசிவிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். பட்டாளத்துப் பழைய வண்டியை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பு மேடையும் மைக் செட்டுக்குத் தட்டும் அடித்து, திருவிழாவுக்குத் திருவிழா இரண்டு பேரும் குடித்தனமாகவே போகலாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள். அதில் எனக்கென்று ஒரு விளக்கு, படித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்திருக்காமலே அணைப்பதற்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச்.

அந்தச் சுவிட்ச் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வெளியே தகரம், உள்ளே ஒட்டுப்பலகை, நடுவில் ஒரு அங்குலச் சந்து. அந்தச் சந்துக்குள், வீடுகளில் மாட்டுகிற கறுப்புச் சுவிட்சைப் புதைக்கப் பார்த்தீர்கள். வண்டித் தகரமே பாட்டரிக்கு ஒரு வயர் மாதிரி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த நீங்களே அதை மறந்துபோய், ஆழம் போதாத இடத்தில் சுவிட்சைத் திணித்து அழுத்தினீர்கள். பின்பக்கத் திருகாணி தகரத்தில் பட்டு, பட்டென்று பொறி பறந்தது. சலாஹுதீன் அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏலே பூமி, மோட்டார் சுவிட்ச் நான் தாரேன், அரை அங்குலத்துல நிக்கும்லே. வண்டிக்குள்ள வீட்டுச் சுவிட்ச மாட்டுறவன இன்னைக்குத்தான் பாக்குறேன். தங்கச்சி, நாளைக்கு ஆட்டுக்கல்லையும் சுவத்துல பதிப்பான், பாத்துக்க" என்றார்.

நீங்கள் கேட்கவில்லை. இதுதான் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். புதைக்க முடியாது என்றானதும் ஒரு மரக்கட்டையின் மேல் சுவிட்சைப் பொருத்தி, கட்டையோடு சுவரில் முடுக்கினீர்கள். இப்போது சுவிட்ச் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கட்டிலைப் பகலில் மடித்துச் சுவரோடு நிறுத்தப் போனால் அதில் போய் இடித்தது. மறுபடி அண்ணன் சிரித்தார். நீங்கள் கட்டில் பலகையிலேயே வட்டமாக ஓர் ஓட்டை போட்டீர்கள். கட்டிலை மடித்தால் சுவிட்ச் அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். கட்டிலில் ஓட்டை போட்ட மனுஷன் நம் ஜில்லாவில் வேறு யாரும் இருக்கமாட்டார்.

அந்தக் கோடை ஒன்றுதான் நமக்குக் கிடைத்தது, இல்லையா? ஊர் ஊராகப் போனோம். நீங்கள் மரத்தில் ஏறி மைக் குழாய் கட்டும்போது நான் இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்கி வைப்பேன். நயினார்கோவில் பக்கம் கம்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தபோது மழை வந்து தகரத்தின் மேல் அடித்த சத்தத்தில், நான் வாசித்துக் காட்டியது ஒரு வார்த்தைகூட உங்களுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் கடைசி வரை தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். என் பென்சில் ஓட்டை வழியே விழும். விழும்போதெல்லாம் கீழே பாய் போட்டுப் படுத்திருந்த உங்கள் மேல்தான் விழும்.

வைகாசிக் கடைசியில் எப்படியோ சொன்னேன். "சரி. எங்கன எறக்கிவிடணும்?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பின்னால் எனக்குக் கொடுத்த அறையில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பெட்டியைத் திறந்தால் புடவைகளுக்கு மேலே உங்கள் பழைய பனியன் துணியில் சுற்றிய அந்தச் சுவிட்ச், மரக்கட்டையோடு.

அத்தான், இத்தனை மாதமாக அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? வண்டியில் இனி உனக்கு இடமில்லை, உன் பொருளை நீயே வைத்துக்கொள் என்று கோபத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள் என்று. அதனால்தான் நீங்கள் அனுப்பிய இரண்டு கார்டுகளுக்கும் சுகம், சுகம் என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். ஆவணியில் நீங்கள் தொண்டி வரை வந்துவிட்டு இங்கே வராமல் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். என் கார்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினீர்களோ என்னவோ.

போன வாரம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் இழுத்தார்கள். வயர்மேன் வேல்சாமி அறைக்கு வந்து, சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். வேறு வழியில்லாமல் இதை எடுத்துக் கொடுத்தேன். வண்டியில் இருந்தது, பாட்டரி விளக்குக்கு மாட்டியது, சரிப்படுமா என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வீட்டுக் கரண்டுக்குன்னே செஞ்சதும்மா. பாட்டரிக்கு இது எதுக்கு? யாரோ வீட்டுக்குன்னு நெனச்சுத்தான் வாங்கியிருக்காக" என்றார்.

அப்படியென்றால் உங்களுக்கு முன்னமே தெரியுமோ என்று தோன்றியது. வகுப்பில் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைத்துவிட்டு நேரே பஞ்சம்மாள் அம்மாளிடம் போனேன். எங்கள் வீட்டுக்காரரிடம் நான் வேலைக்கு வருவதை முன்னமே சொன்னீர்களா என்று கேட்டேன். "ஏன், ஆண்டு விழாவுக்கு மைக் கட்ட வந்தாருல்ல, அன்னைக்குச் சாயந்தரமே சொல்லிட்டேனே. ரொம்ப நல்லதுன்னாரு. டீச்சருக்குக் குடுக்கிற ரூம் எது, அதுக்குக் கரண்டு எப்ப வரும்னு கூடக் கேட்டாரே" என்றார்.

ஆண்டு விழா முடிந்து அடுத்த வாரம்தான் நாம் பட்டறையில் சுவிட்ச் மாட்டினோம். என் விரலைச் சுற்றி வட்டம் போடும்போதே உங்களுக்குத் தெரியும். நான் சொல்லாததை நீங்களும் சொல்லாமலே வைத்துக்கொண்டீர்கள். அதோடு நிற்காமல் கட்டிலிலும் ஓட்டை போட்டீர்கள்.

வேல்சாமி இந்தச் சுவர் ஒன்றரை அடிக் கனம், உள்ளே புதைத்து அழகாக வைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், கட்டையோடு வையுங்கள் என்றேன். படுத்தால் கையெட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னேன். "இம்புட்டுத் தாழவா? பூனை சுவிட்ச் போடுறதுக்கா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

அறை சின்னது. கட்டில் போட்டால் நடக்க வழியிருக்காது என்று இன்னும் வாங்கவில்லை, பாயில்தான் படுக்கிறேன். மடித்து நிறுத்துகிற கட்டிலாக இருந்தால் சரியாக இருக்கும். சுவிட்ச் இருக்கிற சுவரை வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறேன். வண்டிக்கு நீங்கள் வேறு கட்டில் ஒன்று அடித்துக்கொள்ளலாம். கோடை லீவுக்கு எப்படியும் நான் வரவேண்டுமே.

நீங்கள் ராமநாதபுரம் வந்ததும் சலாஹுதீன் அண்ணன் இதை உங்கள் கையில் கொடுப்பார். மழைக்காலம் வருகிறது, மரத்தில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். சேதுக்கரை ஆஞ்சநேயர் உங்களையும் வண்டியையும் காக்கட்டும். கட்டிலோடு வாருங்கள்.

தங்கள்,
சேது

(இதே தாளின் அடியில், பின்னாளில் வேறு மையில் எழுதியது)

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கட்டில் வந்தது. ஓட்டை இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று போட்டார்.