பாட்டு நின்றாலும் பொதி நிற்கும்

பழவேற்காடு, விரோதி வருஷம் ஐப்பசி மாதம்

அன்புள்ள கேசவன் மாமாவுக்கு, மைத்துனன் தசரதன் எழுதுவது.

உங்கள் காலை முறித்தது துணிப்பொதி அல்ல, மேஸ்திரி வீரராகவன். கடலில் வலை இழுக்கிற எட்டுப் பேரை அழைத்து வந்து, ஒரு நாள்கூடப் பழக்காமல், கிடங்கில் பாரம் தூக்கும் ராட்டினத்தில் கை வைக்கச் சொன்னவர் அவர். பொதி விழுந்த பிறகு, கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்த நீங்கள் கள் குடித்திருந்ததாகப் பரப்பியவரும் அவர்தான். அந்தப் பேச்சு சுண்ணாம்புக்குளம் வரை வந்து, காந்தா அக்கா தண்ணீருக்குக்கூட வெளியே போவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

காரணம் தெரிந்துவிட்டது மாமா. நாங்கள் பாடிக்கொண்டு ராட்டினம் சுற்றுவதைப் பார்த்து, மீன் விற்கும் குப்பம்மா சிரித்தாள். "இன்னாடா, வலையா இழுக்கிறீங்க? பாட்டு அடி முடிஞ்சதும் கைய விடுறீங்களே. வலைய மணலு பிடிச்சிக்கும். இத யாரு பிடிப்பா?" என்றாள். பொதி விழுந்த அன்றைக்கும் மூச்சு வாங்கத்தான் எட்டுப் பேரும் கையைத் தளர்த்தினோம். அதில் நானும் ஒருவன். இதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

மறுநாளே மணல் மூட்டை தூக்கிப் பழக ஆரம்பித்தோம். ஒன்பது நாள். வேலை கெடுகிறதென்று மேஸ்திரி கத்தினார். பழகி முடியும்வரை துணியைத் தொடமாட்டோம் என்றோம். ஒல்லாந்தர் கப்பலுக்குப் போகவேண்டிய துணி, மழைக்கு முன் கிடங்கின் மேல்தளம் ஏறியாகவேண்டும். அவருக்கு வேறு ஆளும் இல்லை. இப்போது எங்கள் எட்டுப் பேரில் தனக்கோடி பாடுவதுமில்லை, சுற்றுவதுமில்லை. பாட்டின் அடி முடியுமுன் சக்கரத்தின் பல்லில் ஆப்பு வைப்பது ஒன்றே அவன் வேலை. பொதிக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. மணல் மூட்டையில் தவறியவனுக்குப் பொதி ராட்டினம் கிடையாது. சின்னதம்பி மூன்று முறை தவறி நான்காம் முறை தேறினான். அவன் பெண்டாட்டி எல்லோருக்கும் இறால் குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள்.

இன்று காலையிலிருந்து முப்பத்தொன்பது பொதி ஏற்றிவிட்டோம். ஒரு விரல்கூட நசுங்கவில்லை. கரையே நின்று பார்த்தது.

கடைசிப் பொதி பாதி உயரத்தில் இருக்கும்போது ஆப்பை வைக்கச் சொல்லிவிட்டு மேஸ்திரியிடம் போனேன். "கேசவன் குடிக்கலன்னு இந்தக் கரை கேக்கச் சொல்லுங்க" என்றேன். இந்த ஓலையை அவர் எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கிழக்கே கறுத்துவிட்டது. பொதி அசையாமல் அந்தரத்தில் நிற்கிறது, கீழே ஒருவரும் இல்லை.

அக்காவை நாளைக்குக் குடம் எடுத்துக்கொண்டு வெளியே போகச் சொல்லுங்கள். உங்கள் கால் சீக்கிரம் தேறட்டும். இங்கே கொக்கி உங்களுக்காகக் காத்திருக்கிறது.

மேஸ்திரி பொதியைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார். அவர் கரை கேட்கச் சொல்லும்வரை ஆப்பை எடுக்கமாட்டோம்.

உங்கள்
தசரதன்