தொந்தர லேது

சித்தூர், 6 ஜூன் 1960

உறுதியானது: ஏப்ரலில் மெட்ராஸ்-ஆந்திர எல்லை மாறி நம் மாவட்டத்தில் சேர்ந்த ஊர்களில், மெட்ராஸ் பக்கம் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை இப்போதைக்கு வேலையில் வைத்திருக்கிறார்கள். ஜூலையில் விசாரித்து முடிவு செய்வார்கள். தெலுங்கில் சமாளிக்க முடியாதவர்களுக்கு வேலை இல்லை. சொன்னவர் சுகாதார அலுவலக மேலாளர் கிருஷ்ணப்பா. பத்திரிகையில் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

ஊர் கோடு தாண்டி வந்துவிட்டது. படித்த படிப்பு? அதுவும் கூடவே வருமா? போய்ப் பார்க்க வேண்டும்.

9 ஜூன், சத்தியவேட்டுப் பக்கம்

மருத்துவச்சி அம்சவேணி. வயது இருபத்துமூன்று. எட்டாவது வரை பள்ளி, பிறகு செங்கல்பட்டில் ஒன்றரை வருஷப் பயிற்சி. அப்பா இல்லை. நிலம் எப்போதுமே இருந்ததில்லை. அம்மா செல்லியம்மா ஊரார் வயலில் நடவு நட்டு வளர்த்தவர். மகள் சம்பளம் வரத் தொடங்கியதும் நடவுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

"இடுப்பு நிமிர்ந்ததா?" என்று கேட்டேன்.

"நிமிந்துக்கினுதான் கீது. பண்ணைக்காரரு என்னப் பாத்து, இன்னா செல்லி, நீ இவ்ளோ ஒசரமான்றாரு."

தெலுங்கு எப்படி என்று மகளைக் கேட்டேன். "கத்துக்கினு கீறேன் சார். அவங்க பேச்சுல பாதி நம்ம பேச்சுதானே."

அதே தெருவில் இரண்டு பெண்கள் விட்ட படிப்பை மறுபடி தொடர்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். அம்சவேணி வீட்டைக் கைகாட்டினார்கள்.

28 ஜூன், சித்தூர்

அம்சவேணி மேல் புகார். பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது. காலையிலேயே ரைஸ் மில் போனில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டதாக அம்சவேணி சொல்கிறார். டாக்டர் வந்தது பொழுது சாயும் நேரம். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது. நிலைமையைத் தனக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். புகார் நின்றால் ஜூலையோடு வேலை போய்விடும் என்கிறார் கிருஷ்ணப்பா.

சொன்னாரா, சொல்லவில்லையா?

1 ஜூலை

டாக்டரைப் பார்த்தேன். குண்டூர்க்காரர். எதையும் ஒளிக்கவில்லை.

"அவசரம்னு சொல்லுச்சி ஆ அம்மாயி. சால அவசரம்னு கூட சொல்லுச்சி."

"அப்படியுமா சாயங்காலம் போனீர்கள்?"

"டாக்டர் அவசரமண்டி. எந்த ஊருக்கு அவசரம் இல்ல, சொல்லுங்க?"

எனக்குப் பிடிபடக் கொஞ்சம் ஆயிற்று. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. டாக்டர் தேவை, மிகவும் தேவை. அவர் காதில் அவ்வளவுதான் விழுந்திருக்கிறது. முப்பது வருஷமாக இரண்டு பேச்சிலும் இந்தச் சொல்லைக் கேட்கிறேன். தனித்தனியாகத்தான் கேட்டிருக்கிறேன் போல.

"நானும் கேட்டேன், தொந்தரா-ன்னு. தொந்தர லேதுன்னு அவளே சொன்னா. இங்க வெளில நாப்பது பேரு நிக்கறாங்க. நான் என்ன செய்ய?"

தொந்தர என்றால் தெலுங்கில் அவசரம். அவசரமில்லை என்று அந்தப் பெண் ஏன் சொல்ல வேண்டும்?

2 ஜூலை, சத்தியவேட்டுப் பக்கம்

அம்சவேணியிடம் அதையே கேட்டேன்.

"ஆமா சார், தொந்தரவான்னு கேட்டாரு. எங்கள உள்ள வுடாம மாமியாருங்க கலாட்டா பண்ணுவாங்க இல்ல, அதத்தான் கேக்கறாருன்னு தொந்தர லேதுன்னேன். தெலுங்குலியே சொன்னேன்."

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டாக்டர் என்ன கேட்டார் என்பதைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"அவசரமில்லன்னு நானே சொல்லிக்கீறனா? அந்தப் பொண்ணு செத்துப் போயிருந்தா இன்னா சார் பண்ணியிருப்பேன்?"

செல்லியம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தார். "வேல போனா போவட்டும். நடவுக்கு ஆளு தேடிக்கினுதான் கீறாங்க. நான் போறேன்."

"நீ போவக்கூடாது" என்றார் மகள். நான் கிளம்பிவிட்டேன்.

3 ஜூலை

செய்தி அனுப்பினேன். இரண்டு சொல், இருவர் பேச்சு, அவ்வளவே. யார் மேல் தப்பு என்று எழுதவில்லை — எழுத என்ன இருக்கிறது? பிரசவ வேலையைச் சுத்தமாகக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு போன் பேச்சை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. டாக்டருக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

21 ஜூலை

விசாரணை முடிந்தது. டாக்டர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வேலை தற்காலிகமாகத் தொடரும். செப்டம்பரில் தெலுங்குப் பரீட்சை. திருப்பதியில் ஞாயிறுதோறும் வகுப்பு. சொன்னவர் கிருஷ்ணப்பா.

இதைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "உள்ள அந்தப் பொண்ணு கேட்டுச்சி பாருங்க, டாக்டர்சாருக்கு எங்க வகுப்புன்னு. அவரே சிரிச்சிட்டாரு."

14 ஆகஸ்ட், திருப்பதி

வகுப்பை எட்டிப் பார்த்தேன். எல்லை ஊர்ப் பெண்கள் ஆறு பேர். பலகையில் முதல் சொல்: அவசரம்.

9 அக்டோபர், சத்தியவேட்டுப் பக்கம்

பரீட்சை எப்படி என்றேன். எழுதியிருக்கிறேன் என்றார் அம்சவேணி. போன்?

"அத ஏன் கேக்கறீங்க. நான் இப்ப ஒழுங்கா தொந்தரன்றேன். அவரு தமிழு கத்துக்கினு, யாரு தொந்தரவு பண்றாங்கன்றாரு. மறுபடியும் மொதல்லர்ந்து."

கடைசியில் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். போனில் இரண்டு சொல்லும் கிடையாது. 'அர்ஜெண்ட்' மட்டும். போன வாரம் அப்படிச் சொன்னதற்கு, இவர் மில்லிலிருந்து பிரசவ வீட்டுக்குத் திரும்பும் முன்பே ஜீப் வந்து நின்றதாம்.

பரீட்சை முடிவும் நிரந்தர உத்தரவும் நவம்பர் கடைசி வாரம் என்கிறார் கிருஷ்ணப்பா. எழுத்தில் எதுவும் இல்லை. வேலை போனால் செல்லியம்மா போக நடவு இருக்காது, அதற்குள் முடிந்துவிடும்.

திரும்பும் வழியில் பஸ் பண்ணை வயலை ஒட்டி வந்தது. வரிசையாகப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள்வரை பார்த்தேன். செல்லியம்மா இல்லை.